பாலாற்றுக்கு நாம் பட்ட கடன்

சவ்வாது மலையைத் தமிழ் மாணவன் முதன்முதலில் ஏறிக் காண்பது பத்துப்பாட்டின் வழியேதான். மலைபடுகடாம் காட்டும் சேயாறு, இன்று செய்யாறு எனும் பெயர் தாங்கி, இம்மலையில் பிறந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மலையின் வடசரிவில் பெய்யும் மழையும் காட்டோடைகளாய் இறங்கிப் பாலாற்றையே அடைகிறது. மேலே தெளிந்த நீராய்ப் புறப்படுவது, கீழே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வந்ததும் என்னவாகிறது என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாலாறு 348 கி.மீ. நீளமுடையது, அதில் 222 கி.மீ. தமிழகத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. 2021 நவம்பரில் கண்ட பெருவெள்ளம் என்றோ வரும் விருந்தாளி. ஆதலின் ஆற்றில் விடும் கழிவை அடித்துச் செல்லப் புதுநீர் இல்லை. அது மணல்வழி இறங்கிக் கிணறுகளில் குடிபுகுகிறது. பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பு, ஊறவைக்கும்போதே நீரில் கரைந்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பு அவ்வுப்பை நீக்குவதில்லை. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்கிறது உச்சநீதிமன்றத் தீர்ப்பு.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 28.8.1996 அன்று அளித்த தீர்ப்பு அது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்த அத்தீர்ப்பை, உலகெங்கும் சட்ட மாணவர்கள் பயில்கின்றனர். நம் ஆறு இவ்வாறு புகழ்பெற்றிருக்க வேண்டியதில்லை. சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதை அது பதிவு செய்தது. பின்னர் அமைந்த ஆணையம் 2001இல் இழப்பீடும் விதித்தது. எனினும் 30.1.2025 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவை இழப்பீட்டை வழங்குமாறும் மேற்பார்வைக் குழு அமைக்குமாறும் ஆணையிட நேர்ந்தது.

இங்கு ஒன்றை மறைத்துப் பேசுதல் அறமாகாது. தோல் வணிகம் நம் சமுதாயத்தின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. இப்பகுதிப் பள்ளிகளும் கல்லூரிகளும் அவ்வணிகர்தம் கொடையால் எழுந்தவை. யான் உண்ணும் சோற்றிலும் அவ்வுப்பு உண்டு. பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்களும் அதனையே நம்பியுள்ளன. ஆகவே தொழிலை மூடுக என்பது என் கருத்தன்று. நகராட்சிச் சாக்கடையும் மணற்கொள்ளையும் ஆற்றைக் கெடுக்கவில்லையா எனப் பெரியோர் வினவுவர், கெடுக்கின்றனதாம். ஆனால் அயலான் குற்றம் நம் கணக்கை நேர் செய்யாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததும், கழிவுநீரே வெளியேறாத முறை புகுத்தப்பட்டதும் பாராட்டுக்குரியன. எனினும் காய்ச்சிப் பிரித்த உப்பு எங்கு செல்லும் என்பதற்கு நிறைவான விடை இன்னும் இல்லை. அது கொட்டகைகளில் குவிகிறது. 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர் மாண்டனர். கழிவை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது அதனை ஒழித்ததாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டா.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்யினும் நீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. கிணறு வெட்டுதல் இறந்த பின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தருமம் என நம் வீடுகளில் குழந்தையும் அறியும். வெட்டிய கிணறு அத்தகையதாயின், ஊரார் கிணற்றில் உப்பேற்றிய செயல் எக்கணக்கில் எழுதப்படும்? இவ்வினாவை ஜுமுஆ மேடைகளில் நம் ஆலிம் பெருமக்கள் எழுப்புதல் வேண்டும்.

மஹல்லாதோறும் கிணற்றுநீரின் உப்பளவை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், அளந்து பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். செலவு மிகுதியன்று, வேதியியல் மாணவர் இருவரும் ஒரு சிறு கருவியும் போதும். மலையடிவார ஊரொன்றின் கிணற்றையும் உடன் அளந்தால் வேறுபாடு விளங்கும். முதற்கிணறாக நம் கல்லூரிக் கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம்.