மூன்று நிமிஷத்தில் ஒரு மாத்திரை

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் இருபது வருஷமாகக் கடன் மனுக்களைப் புரட்டுகிறவன். "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது ஊறிப்போன புத்தி.

இங்கே நாக்பூரில் என்னோடு வேலை பார்க்கும் மராத்திக்காரரின் மகள் பத்தாவது படிக்கிறாள். புத்தகத்தைத் திறந்தால் கை தலைக்குப் போய்விடும். ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. டிரைக்கோடில்லோமேனியா என்று பெயராம். டாக்டர் மூன்று நிமிஷம் பேசிவிட்டு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸிடினை எழுதிக் கொடுத்தார். "பயிற்சி ஏதாவது உண்டா?" என்று அப்பா கேட்டதற்கு, "முதலில் இது, அப்புறம் பார்க்கலாம்."

ஆதாரத்தைப் பார்ப்போமே. 1991-ல் அமெரிக்காவில் இதே மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. 2003-ல் நெதர்லாந்தில் ஒரு குழுவுக்கு மாத்திரை, ஒரு குழுவுக்கு நடத்தைச் சிகிச்சை, மூன்றாவது குழு சும்மா காத்திருந்தது. ஜெயித்தது நடத்தைச் சிகிச்சை. மாத்திரை சாப்பிட்டவர்கள் காத்திருந்தவர்களைவிடத் தேறவில்லை. இரண்டுமே பெரியவர்களிடம் நடந்தவை. பிள்ளைகள் விஷயத்தில் இந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை.

ஆபத்துக்கோ ஆதாரம் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று கறுப்புக் கட்டம் கட்டி அச்சிடும்படி 2004-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. உத்தரவிட்டது. 2007-ல் அதை 24 வயதுவரை நீட்டியது.

மாற்று வழி புதிதல்ல. 1973-ல் அஸ்ரின், நன் என்ற இருவர் சொன்னது. கை எப்போது போகிறது என்று குறித்து வை. போகும்போது முஷ்டியை இறுக்கிப் பிடி. வீட்டார் திட்டாமல் துணை நிற்கட்டும். செலவு நேரம்தான். அதுதான் யாரிடமும் இல்லை.

மாத்திரையே விஷம் என்று நான் சொல்லவில்லை. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அது தேவைப்படலாம். சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பயிற்சியைச் சொல்லாமலே மாத்திரையை நீட்டுவதைத்தான் கேட்கிறேன்.

போன வாரம் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லையே காகா, தப்பு என்மேல்தானே?"

எங்கள் வங்கியில் கடன் வாராக்கடனானால் கையெழுத்துப் போட்ட அதிகாரியைத்தான் முதலில் கேட்பார்கள். இங்கே மட்டும் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.