வாங்கிய பெட்டி யாருக்குச் சொந்தம்?

எம்மவர் இல்லங்கள் பலவற்றில் அலுமாரியின் மேலோ கட்டிலின் கீழோ பழைய கணனி ஒன்று கிடப்பதைக் காணலாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய பொருள் அது. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விரும்பிப் பதிந்துகொண்டோருக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீடிப்பு வழங்கப்பட்டது. விண்டோஸ் 11ஓ பழைய பெட்டிகள் பலவற்றை ஏற்க மறுக்கின்றது. பெட்டி பழுதாகவில்லை, காவல் மட்டுமே நீக்கப்பட்டது. ஆயினும் புதிதொன்றை வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோர் கணக்குப் பார்க்கின்றனர்.

வாங்குமுன் ஒரு வழியை ஆராய்தல் நன்று. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், இன்று எவரும் இலவசமாகப் பெறக்கூடிய இயங்குதளமாக வளர்ந்துள்ளது. ரெக்சாஸ் மாநிலத்தின் டெல் நிறுவனம் 2007இலேயே லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவை நிறுவிய கணனிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. லினக்ஸ் மின்ற் என்பதன் எளிய பதிப்பு 2 ஜிகாபைற் நினைவகத்துடனேயே இயங்கும். 4 இருப்பின் நலம். பாடசாலைக் கட்டுரை எழுதவும் இணையத்தில் உலாவவும் ஊருக்கு முகம் பார்த்துப் பேசவும் அது போதும். தமிழ்99 விசைப்பலகை மட்டுமன்றி, இலங்கையில் வழங்கும் றெங்கநாதன் விசைப்பலகையும் அதிற் கிடைக்கும்.

இவ்வாறு பெட்டியின் உள்ளத்தை மாற்றும் உரிமை எல்லாப் பொருளுக்கும் உண்டா? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்றுள்ளது.

2006 நவம்பரில் சொனி நிறுவனம் பிளேஸ்ரேசன் 3 என்னும் விளையாட்டுப் பெட்டியை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. லினக்ஸை நிறுவும் வசதியும் அதில் இருந்தது. மலிவும் ஆற்றலும் கண்டு, அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடமே 1,760 பெட்டிகளை இணைத்து 2010இல் ஒரு பெருங்கணனியை அமைத்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்பிரல் 1ஆம் திகதி, பாதுகாப்பைக் காரணங்காட்டி, சொனி அவ்வசதியை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டது. திருத்தத்தை ஏற்றால் லினக்ஸ் இல்லை. மறுத்தால் இணைய விளையாட்டு இல்லை. பணம் கொடுத்து வாங்கிய வீட்டில், விற்றவரே வந்து ஓர் அறையைப் பூட்டிச் சென்றதற்கு ஒப்பானது இது.

வாங்கியோர் கலிபோர்னியா நீதிமன்றில் வழக்குத் தொடுத்தனர். 2016இல் முன்வைக்கப்பட்ட இணக்கத் திட்டம் ஆளுக்கு 55 டொலர் வரை கொடுப்பதாகக் கூறிற்று. ஆறு ஆண்டுகள் காத்திருந்ததற்கான விலை அது. நியூ ஜேர்சி இளைஞர் ஜோர்ஜ் ஹொட்ஸ் அப்பெட்டியின் பூட்டைத் திறந்து வழியை வெளியிட்டார். 2011 ஜனவரியில் சொனி அவர்மீது சான் பிரான்சிஸ்கோவில் வழக்கிட்டது. அப்போது அவருக்கு வயது 21. இனி அவ்வாறு செய்வதில்லை என்ற நிரந்தரத் தடையை அவர் ஏற்க, அவ்வாண்டு ஏப்பிரலில் வழக்கு முடிந்தது.

1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மின்பூட்டுக்களை உடைப்பதைத் தடுக்கின்றது. விதிவிலக்குகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படும். 2010இல் கைத்தொலைபேசிகளுக்குக் கிடைத்த விலக்கு, 2012இல் விளையாட்டுப் பெட்டிகளுக்குக் கோரப்பட்டபோது மறுக்கப்பட்டது. ஆகவே, பிள்ளையின் ஆர்வத்தைத் தடுக்க வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தைக் காட்டினாற் போதும். பழைய கணனியில் லினக்ஸை நிறுவுவது எந்தப் பூட்டையும் உடைப்பதன்று. விளையாட்டுப் பெட்டியின் பூட்டை உடைப்பதோ வேறு விடயம். தஞ்சக் கோரிக்கை முடிவுறாத குடும்பங்கள் வேண்டாத வழக்கொன்றைத் தேடிக்கொள்ளலாகாது.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். எமது பழைய கணனிகளில் குடும்பப் படங்கள் மட்டுமா உள்ளன? தஞ்ச மனுவின் பிரதி, சத்தியக்கடதாசி, பிறப்புச் சான்றிதழ், ஊரிலுள்ள உறவினரின் முகவரி யாவும் அவற்றில் உறங்குகின்றன. புதிய இயங்குதளத்தை நிறுவினால் வன்தட்டில் உள்ளவை அழிந்துபோகும். எனவே முதலில் அனைத்தையும் வேறிடத்திற் பிரதி செய்து, அப்பிரதி திறக்கின்றதா என்று பார்த்துக்கொள்க. பின்னர் யூ.எஸ்.பி. சேமிப்பான் ஒன்றிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். அதனால் வன்தட்டுக்குத் தீங்கில்லை. ஒலி, கமரா, அச்சுப்பொறி யாவும் இயங்கினால் மாத்திரம் நிறுவுக. கணனியைக் கொடுத்துவிடவோ கழித்துவிடவோ எண்ணுவோர் வன்தட்டை முற்றாக அழித்த பின்னரே கையளிக்க வேண்டும். நியூ ஜேர்சியில் 2011 முதல் கணனியைக் குப்பையோடு போடுதலும் சட்டப்படி ஆகாது.

ஊரில் உறுதிப்பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் வாசித்தே காணி வாங்கிய மக்கள் நாம். கடையில் வாங்கும் பெட்டிக்கும் அவ்வழக்கம் வேண்டும். இதில் எதை மாற்றலாம், எதை விற்றவர் பின்னர் பறிக்கலாம் என்று பணத்தைக் கொடுக்குமுன் கேட்போம்.