சாவிக் கொத்து யார் கையில் இருக்க வேண்டும்?

மரக்காணத்தை அடுத்த பிரம்மதேசம் வட்டாரத்தில் நெல், மணிலா, தர்பூசணி, சவுக்கு என்று பயிரிடும் சிறு விவசாயிகளின் வீட்டில் டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். நிலப் பத்திரம், பட்டா, சொசைட்டி பாஸ் புத்தகம், நகைக்கடன் ரசீது எல்லாம் அதில்தான். பெட்டிச் சாவி வீட்டு அம்மாளின் இடுப்பில் இருக்கும். எவ்வளவு நெருங்கிய சிநேகிதர் கேட்டாலும் அந்தச் சாவியைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டியில் உள்ளவற்றுக்கெல்லாம் இப்போது இன்னொரு சாவியும் வந்துவிட்டது. பட்டாவைப் பார்க்க, பயிர்க் காப்பீடு செய்ய, நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட முன்பதிவு செய்ய, சொட்டுநீர் மானியம் கேட்க, பி.எம்.கிசான் தவணையைச் சரிபார்க்க, உழவன் செயலியைத் திறக்க, 2025 முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வாங்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டோ, நான்கு இலக்க எண்ணோ, ஓ.டி.பி.யோ வேண்டியிருக்கிறது. வங்கி அட்டைக்கு ஓர் எண். கைபேசியில் பணம் அனுப்ப இன்னோர் எண். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு பாஸ்வேர்டு. எண்ணிப் பார்த்தால் ஒரு வீட்டுக்குப் பத்துக்குக் குறையாது. இந்தச் சாவிக் கொத்தைத்தான் பெரும்பாலான விவசாயிகள் கடைத்தெருவில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சென்டர் நடத்தும் பையன் கெட்டவன் என்று சொல்வதற்கில்லை. அவசரத்துக்கு உதவுகிறவன் அவன்தான். விவசாயிக்கு இமெயில் இல்லை என்றால் அவனே ஒன்றைத் தொடங்கித் தருவான். கைபேசியில் சிக்னல் இல்லை என்றால் தன் எண்ணையே போட்டு வேலையை முடித்துவிடுவான். பாஸ்வேர்டை அவனே தேர்ந்தெடுத்துத் தன் நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ வைத்துக்கொள்வான். அன்றைக்கு அது உதவிதான். மறு வருஷம் கடை இடம் மாறினாலோ, கம்ப்யூட்டர் கைமாறினாலோ விவசாயி வெளியே நிற்க வேண்டியதுதான். வேறு யாராவது அந்த நோட்டைப் புரட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தாருக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு பி.எம்.கிசான் திட்டத்தில் நடந்த மோசடி அனைவரும் அறிந்ததே. வருஷத்துக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக விவசாயிக்குத் தரும் அத்திட்டத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் விவசாயிகள் என்று சேர்க்கப்பட்டார்கள். மத்திய வேளாண்மை அமைச்சகம் அப்போது தெரிவித்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் சரிபார்க்கப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியற்றவை. போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தார்கள். ஒப்பந்த ஊழியர்கள் பலர் வேலையை இழந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பூட்டை யாரும் உடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து எவரும் கம்ப்யூட்டருக்குள் புகவும் இல்லை. அதிகாரிகளுக்கென்று கொடுத்திருந்த பாஸ்வேர்டு வேறு கைகளுக்குப் போயிற்று, அவ்வளவுதான். வேலைப் பளு அதிகம், நேரம் இல்லை, "நீயே போட்டுவிடு" என்று ஒருவர் தம் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொல்லும் வழக்கம் எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. கம்ப்யூட்டர் சென்டரில் விவசாயி செய்வதும் அதே காரியம்தான். ஆகவே விவசாயிக்குப் புத்தி சொல்லும் முன் இலாகா தன் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வது முறை. கடைசியில் அலைந்தவர்களில், யாரோ கேட்டார்கள் என்று ஆதார் நகலையும் பாஸ் புத்தக நகலையும் கொடுத்த ஏழைகளும் இருந்தார்கள். கணக்கில் வந்த பணத்தைத் திருப்பிக் கட்டும்படி ஆயிற்று.

எழுதி வைப்பது தவறா?

"பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்காதீர்கள், மாதாமாதம் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வையுங்கள்" என்று கூட்டங்களில் சொல்லப்படுகிறது. மூன்றையும் ஒரே மனிதர் கடைப்பிடிக்க முடியாது. சிறு விவசாயியைப் பொறுத்தவரை முதலாவது யோசனையைக் கைவிட வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. எழுதாதே என்றால் அவர் சென்டர் பையனிடம்தான் போய் நிற்பார்.

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோ. 1960களின் தொடக்கத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டு உபயோகித்தபோது, அவரவர் வேலை அவரவருக்குத் தனியாக இருக்கட்டும் என்று இதைச் செய்தார். 1962லேயே அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று எல்லோருடைய பாஸ்வேர்டையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார் என்பது வேடிக்கையான சங்கதி. அதே கார்பட்டோ 2014ல் பேட்டியளித்தபோது, பாஸ்வேர்டுகள் பெருந்தொல்லையாகிவிட்டன என்றும், தம்முடையவற்றை மூன்று பக்கத் தாளில் தட்டச்சு செய்து வைத்திருப்பதாகவும் சொன்னார். கொண்டுவந்தவரே தாளில் எழுதித்தான் வைத்திருந்தார். அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதியும் அப்படியே. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2003ல் எழுதிய அந்த யோசனையை 2017ல் தானே மாற்றி, திருடு போனதாகத் தெரிந்தால் மாற்றினால் போதும், குட்டையாகவும் குழப்பமாகவும் இருப்பதைவிட நீளமாக இருப்பதே நல்லது என்று கூறியது.

எனவே பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்கலாம். பக்கத்துக்கு ஒரு கணக்காக, எந்த வேலைக்கு, எந்தப் பெயரில், எந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்து, எந்தத் தேதியில் பதிவு செய்யப்பட்டது என்று எழுத வேண்டும். பாஸ்வேர்டாக மூன்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொள்வது சுலபம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிணறு, தர்பூசணி, புதுச்சேரி போன்ற தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், ஞாபகமும் இருக்கும். (இங்கே அச்சான இம்மூன்றையே வைத்துக்கொண்டால் அது ரகசியமாகாது.) பெயர், பிறந்த வருஷம், மோட்டார் சைக்கிள் எண், கைபேசி எண் ஆகியவை ஊருக்கே தெரிந்தவை, வேண்டாம்.

அந்த மூன்று வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு வால் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இலக்கமும் ஒரு குறியும் போதும். வார்த்தைகளை நோட்டில் எழுதலாம். வாலை மட்டும் எழுதக் கூடாது. அது புருஷன் பெண்சாதி இருவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நோட்டு எவர் கையில் சிக்கினாலும் பாதி சாவிதான் கிடைக்கும். ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைப்பது, வீட்டுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் ஒரே சாவி செய்தது போலாகும். ஓரிடத்தில் தொலைந்தால் மூன்றும் போகும்.

நோட்டு இருக்க வேண்டிய இடம் பத்திரம் இருக்கும் அதே பெட்டி. கடற்கரை ஓரம் என்பதால் ஈரத்தையும் நினைக்க வேண்டும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பகுதியில் மழையும் வெள்ளமும் என்ன பாடுபடுத்தின என்பது தெரிந்ததே. பாலிதீன் உறையில் போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்தால் தப்பும். நோட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்புவதும் வேலையைக் கெடுத்துவிடும். சென்டர் கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது, பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்தச் சொல்லி, முடிந்ததும் கணக்கை மூடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழ வேண்டும். பூட்டுப் போட்ட சொந்தக் கைபேசியில் சேமிப்பதில் தவறில்லை. வீட்டில் நாலு பேர் எடுக்கும் கைபேசி என்றால் நோட்டே மேல்.

எழுதக் கூடாதவை

பணத்தைத் தொடும் எண்கள் மட்டும் நோட்டிலும் ஏறக் கூடாது. ஏ.டி.எம். அட்டை எண், கைபேசியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. எண் இரண்டும் நான்கு அல்லது ஆறு இலக்கம்தான், மனதில் நிற்கும். அட்டை உறையிலேயே எண்ணை எழுதி வைப்பதும், ஏ.டி.எம். வாசலில் நிற்பவரிடம் அட்டையையும் எண்ணையும் சேர்த்து நீட்டுவதும் முதியோர் செய்வது. பணம் வருவதற்கு யு.பி.ஐ. எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. மணிலா மூட்டைக்கு முன்பணம் போடுகிறேன், எண்ணை அழுத்துங்கள் என்று எவராவது சொன்னால் அவர் வியாபாரி அல்ல.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதில் முக்கியமானது. வாடிக்கையாளர் மீது தவறில்லாமல் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் அவருக்கு இல்லை. ரகசிய எண்ணை அவரே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான். வாய்விட்டுச் சொன்ன எண்ணுக்கு வழக்குப் பேச இடமில்லாமல் போகிறது.

ஓ.டி.பி. விஷயத்தில் விவசாயியைக் குழப்புவது அரசாங்க முகாம்களே. யாரிடமும் சொல்லாதே என்று வங்கி சொல்கிறது. சொன்னால்தான் பதிவாகும் என்று முகாமில் கேட்கிறார்கள். இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தாமே ஒரு வேலைக்காக நேரில் போய், எதிரே உட்கார்ந்திருக்கும்போது, வந்த செய்தியைப் படித்துப் பார்த்து, அது அந்த வேலைக்குத்தான் என்று தெரிந்தால் மட்டும் காட்டலாம். போனில் கேட்பவருக்கு ஒருபோதும் இல்லை. படிக்கத் தெரியாதவருக்காக முகாமிலேயே செய்தியை உரக்கப் படித்துக் காட்டுவதை இலாகா கட்டாயமாக்க வேண்டும். பி.எம்.கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளைத் திறக்கவே கூடாது.

கைரேகையும் சாவிதான், ஆனால் மாற்ற முடியாத சாவி. உப்பளத்திலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் சில சமயம் ஏற்பதில்லை. "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்று இரண்டு முறை பணம் எடுத்துவிடும் ஏமாற்று ஆங்காங்கே நடப்பதுண்டு. ஒவ்வொரு தடவையும் ரசீது கேட்பதும், விரல் ஏற்காவிட்டால் கருவிழியோ முகமோ காட்டி முடிக்க வழியுண்டா என்று கேட்பதும் விவசாயியின் உரிமை. ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வைக்க முடியாதாகையால் எல்லோருக்கும் அதைச் சிபாரிசு செய்வதற்கில்லை.

இத்தனைக்கும் தாய்ச் சாவி ஒன்று உண்டு. அது கைபேசி எண். எந்தப் பாஸ்வேர்டை மறந்தாலும் அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்துப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். மறப்பதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம் என்பது இதனால்தான். அதே காரணத்தால் அந்த எண் சென்டர்காரருடையதாகவோ, எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முடையதாகவோ இருந்தால் நோட்டு எழுதியும் பயனில்லை. பல மாதம் உபயோகிக்காத எண்ணைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வங்கிச் செய்தியும் ஓ.டி.பி.யும் முன்பின் தெரியாத அந்த நபருக்குப் போகும். புயல் நிவாரணம் கணக்கில் ஏறியதா என்பதுகூட விவசாயிக்குத் தெரியாது.

குடும்பத் தலைவர் திடீரென்று காலமானால் அவருடைய சிம்மை உடனே நிறுத்திவிடுவதும் சரியல்ல. பட்டா மாற்றம், காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவை முடியும் வரை அந்த எண் உயிரோடு இருந்தால் செய்திகளாவது வீட்டுக்கு வந்து சேரும். அதை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது வேறு விஷயம், அது குற்றம். வாரிசு நியமனத்தை இப்போதே வங்கியில் எழுதிக் கொடுத்து, அந்த விவரத்தையும் நோட்டில் ஒரு பக்கத்தில் சேர்த்துவிட வேண்டும்.

சம்பா அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாட்கள் இதற்கு வசதியானவை. முதலில் வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கணக்கில் எந்த எண் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். ஆதாரில் எண்ணை மாற்றுவதைத் தபால் நிலையம் மூலமாகவும் ஆதார் மையத்திலும் செய்துகொள்ளலாம். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போய், அங்கே இருக்கும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட வேண்டும். பையன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனுக்கும் ஒரு பொறுப்புக் குறையும். விவசாயப் பதிவுகளில் எண் தவறாக இருந்தால் மரக்காணம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, வங்கியிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை நோட்டின் மேல் அட்டையிலேயே எழுதி வைக்கலாம்.