எழுந்து செல்லும் உரிமை

பல்கலைக்கழக விடுதிகளிலே இரவிரவாகக் கடதாசி ஆடுவது புதிய செய்தி அன்று. முந்நூற்றுநான்கு ஆடிய அறைகள் சிலவற்றிலே இன்று காசு வைத்துப் போக்கர் ஆடப்படுகின்றது என்பதே புதியது. இதனை ஒரு பொழுதுபோக்கின் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொண்ட சிறு மாற்றமென்று கருதுவோர் உளர். அக்கருத்து பிழையானது. முந்நூற்றுநான்கிலே நால்வரோ அறுவரோ இரு கட்சியாகப் பிரிந்து அமர்வர். கட்டிலுள்ள புள்ளிகளின் மொத்தமே 304. கேட்டவர் கேட்ட புள்ளியை எடுத்தாரா இல்லையா என்பதோடு ஒரு கை முடிந்துவிடும். வென்றவருக்குக் கிடைப்பது கேலி பேசும் உரிமை. தோற்றவருக்கு மிஞ்சுவது நாளை மாலை பார்த்துக்கொள்வோம் என்னும் வஞ்சினம். அங்கே காசு வேண்டியதில்லை. போக்கரோ காசின்றி நடவாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் நகரையும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களையும் சார்ந்து வளர்ந்த அவ்வாட்டத்தின் உயிர், கையில் ஒன்றும் இல்லாதவன் எல்லாம் இருப்பவன்போலப் பணத்தை ஏற்றுவதிலேயே தங்கியுள்ளது. இழப்பதற்கு ஒன்றும் இல்லையாயின் அந்தப் பாசாங்குக்கு எவரும் அஞ்சார். மேலும், அவ்வாட்டத்துக்கு இயல்பான முடிவும் இல்லை. ஒரு கை முடிந்ததும் அடுத்த கை போடப்படும். ஆகவே யாரேனும் ஒருவர் எழுந்தாலொழிய அது முடிவதில்லை.

யார் எழலாம், எப்போது எழலாம் என்பதே கேள்வி. இதற்கு விடுதி அறைகளிலே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தோற்றவன் எழும்பலாம்; “காசு முடிந்தது” என்ற இரு சொல் போதும், எவரும் மறுத்துப் பேசுவதில்லை. வென்றவன் எழும்பக்கூடாது. எழும்பினால் அவன் “காசை அடித்துக்கொண்டு ஓடுகிறவன்”. மறுநாள் உணவுச்சாலையில் அவனுக்கு அருகில் அமர்பவர் முகம் வேறாக இருக்கும். தோற்றவர்களுக்கு இழந்ததை மீட்க வாய்ப்பளிப்பது நட்பின் கடமை என்பது இச்சட்டத்துக்குச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்கு நல்லதாகவே இருக்கிறது. பெருந்தன்மையும் சமத்துவமும் கலந்த ஒரு தோற்றம் அதற்கு உண்டு. ஆயினும் நண்பர்களைப் பகைவராக்குவதிலே இதனை விஞ்சிய விதி அவ்வறைகளில் வேறில்லை.

கொழும்பிலோ வேறெங்கோ உள்ள சூதாட்ட மண்டபமொன்றை எண்ணிப் பார்த்தல் தகும். அங்கே காசுக்குப் போக்கர் ஆடும் மேசையிலிருந்து ஒருவன் வென்ற வில்லைகளை அள்ளிக்கொண்டு எந்தக் கையின் முடிவிலும் எழுந்து போகலாம். காரணம் கேட்பாரில்லை. இலாபத்துக்காகவே நடத்தப்படும் இடத்திலே இருக்கும் சுதந்திரம், நட்புக்காக நடத்தப்படுவதாகச் சொல்லப்படும் அறையிலே இல்லை என்பது விந்தையிலும் விந்தை.

மீட்கும் வாய்ப்பு என்று சொல்லப்படுவதை முதலிலே கணக்காகப் பார்க்கவேண்டும். ஐவர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாவுடன் அமர்கின்றனர் என வைத்துக்கொள்க. மேசையிலுள்ளது 2,500 ரூபா. விடியும்வரை ஆடினாலும் அது 2,500 ரூபாவே. மண்டபக்காரனுக்குப் பங்கில்லை என்பதால் ஒருவன் பெறும் ஒவ்வொரு ரூபாவும் அருகில் இருப்பவனின் சட்டைப்பையிலிருந்து வந்ததே. முதல்வன் ஆயிரம் ரூபா வென்றிருக்க, இரண்டாமவனும் மூன்றாமவனும் தோற்றிருக்கின்றனர். இரண்டாமவனுக்கு “வாய்ப்பளிக்க” ஆட்டம் நீள்கின்றது. அவன் மீட்கும் பணம் முதல்வனிடமிருந்துதான் வரவேண்டும் என்பதற்கு என்ன உறுதி? ஏற்கெனவே தோற்றிருக்கும் மூன்றாமவனிடமிருந்தும் வரலாம். அவ்வாறு வருவதே பெரும்பாலும் நிகழ்வதுமாகும், ஏனெனில் வென்றிருப்பவன் பொறுமையாக ஆடுகிறான், தோற்றிருப்பவன் பொறுமையிழந்து ஆடுகிறான். ஒருவனுடைய காயத்தை ஆற்றுவதாகச் சொல்லி இன்னொருவனைக் காயப்படுத்தும் இவ்வேற்பாட்டுக்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவது சொல்லை விரயஞ் செய்வதாகும்.

கணிதவியலின் வரலாற்றிலே இதற்குத் தொடர்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. 1654இல் பிரான்சிலே பஸ்காலும் பேர்மாவும் கடித வாயிலாக ஒரு சிக்கலை ஆராய்ந்தனர். நிகழ்தகவுக் கொள்கையின் தோற்றுவாய் என அக்கடிதங்கள் போற்றப்படுகின்றன. சிக்கல் இதுதான்: இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து, முதலில் மூன்று ஆட்டங்களை வெல்பவருக்கே எல்லாம் என்று ஆடுகின்றனர், ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையிலே ஆட்டத்தை நிறுத்துகின்றனர், பணத்தை எவ்வாறு பிரிப்பது? அடுத்த ஆட்டத்தை முன்னிற்பவர் வென்றால் 64ம் அவருக்கு. தோற்றால் இருவரும் சமன், ஆளுக்கு 32. ஆகவே 32 காசு எவ்வாறாயினும் அவருடையது. எஞ்சிய 32இலே பாதிக்கு அவருக்கு உரிமையுண்டு. எனவே அவருக்கு 48, மற்றவருக்கு 16 என்பது பஸ்காலின் விடை. கணக்கின் நுட்பத்தைவிட அதன் அடிப்படை எடுகோளே ஈண்டு நோக்கற்பாலது. ஆட்டத்தை இடையில் நிறுத்தலாம், அவ்வாறு நிறுத்துவது எவருக்கும் இழுக்கன்று என்பதை வைத்துக்கொண்டே அக்கணக்கு தொடங்குகின்றது. பாதியில் நின்ற ஆட்டத்துக்கே இவ்வளவு நேர்மையான தீர்வு உண்டென்றால், ஒவ்வொரு கையும் தானே முடிந்து கணக்குத் தீர்ந்துவிடுகின்ற போக்கரிலே எழுந்தவன் யாருக்கு என்ன கடன்பட்டான்? நேற்றைய கையோ சற்றுமுன் முடிந்த கையோ அடுத்த கையின்மீது எவ்வித உரிமையும் கொண்டாட முடியாது.

இனி, தோற்றவனின் மனநிலை. கானமன், துவேர்ஸ்கி ஆகிய உளவியலாளர் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, இழப்பின் வலி அதே அளவு பேற்றின் மகிழ்ச்சியினும் கடுமையானது எனக் காட்டினர். இழப்போடு சமாதானம் செய்துகொள்ளாதவன், வேறு நேரத்தில் ஏற்கவே மாட்டாத பந்தயங்களை ஏற்பான் என்பதும் அவர்கள் சுட்டியதே. குதிரைப் பந்தயத்திலே நாள் முடிவை நெருங்க நெருங்க வெல்லும் வாய்ப்புக் குறைந்த குதிரைகள்மீது பணம் கட்டும் போக்கு மிகுவதை அவர்கள் இதற்கு எடுத்துக்காட்டினர். நள்ளிரவு கடந்த விடுதி அறைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பதரிது. பத்து மணிக்கு இருபது ரூபாவுக்குத் தயங்கியவன் இரண்டு மணிக்கு இருநூறு ரூபாவைத் தள்ளுகின்றான். கையிலே நல்ல கடதாசி வந்ததனால் அன்று; ஒரே கையிலே பழைய நிலைக்கு மீளவேண்டும் என்பதனால். “மீட்க வாய்ப்பு” எனப்படுவது, மனிதனின் நிதானம் மிகக் குறைந்திருக்கும் நாழிகையிலே அவனுக்கு நீட்டப்படுகின்றது. மகாபொலப் பணமோ வீட்டார் அனுப்பிய சாப்பாட்டுக் காசோ மேசைக்கு வருவதும் அந்நாழிகையிலேதான். அதை நீட்டுபவன் நண்பன் என்பது நிலைமையைச் சீராக்குவதில்லை. மறுக்கும் வழியையும் அடைத்துவிடுகின்றது.

நட்பின் பெயரால் அழைக்கப்பட்ட ஆட்டத்துக்குப் பாரதக் கதையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தமிழ் வாசகர் வில்லிபுத்தூரார் வாயிலாகவும், 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியின் பாஞ்சாலி சபதம் வாயிலாகவும் அதனை அறிவர். பாஞ்சாலிக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலே நம் கண்கள் நிலைகுத்தி நிற்பது இயல்பே. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை போதிய கவனம் பெறவில்லை. வியாச பாரதத்தின் சபா பருவத்திலே அவ்வழைப்பு, நண்பர் ஆடும் சூது எனப் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கப்படுகின்றது. அழைக்கச் சென்றவன் விதுரன். இடம் பெரியதந்தையின் சபை. எதிரே இருப்போர் சிறுவயதிலிருந்து கூடி வளர்ந்தோர். சூது கேடு என்பதைத் தருமன் அறியாதவனல்லன், வாயாலும் சொல்கிறான். அஞ்சினால் விலகிக்கொள் என்று சகுனி கூறும்போது, அழைக்கப்பட்டபின் விலகுவதில்லை என்பது தன் விரதம் என்கிறான் அவன். வென்றவன் எழும்பக்கூடாது என்னும் விடுதிச் சட்டத்தின் மூத்த உடன்பிறப்பு இவ்விரதம். இரண்டும் எழுந்து செல்வதை மானக்கேடாக்குகின்றன. சகுனிக்கு அதற்குமேல் காய்களிலே வஞ்சகம் செய்யவேண்டிய தேவை இருந்ததா என்றுகூட ஐயுறத் தோன்றுகின்றது.

அவன் வைத்த பந்தயங்களின் வரிசையும் கருதத்தக்கது. முத்தும் பொன்னும் தேரும் யானையும் குதிரையும் போயின, நாடு போயிற்று, பின்னர் தம்பியர், தான், மனைவி. போக்கர் மண்டபங்களிலே கை தொடங்கும்போது மேசைமீது இருந்ததற்கு மேல் எவரும் வைக்கமுடியாது என்பது பொதுவிதி. நடுவிலே சட்டைப்பையைத் துழாவவோ கடன் சொல்லவோ இடமில்லை. வணிகன் வகுத்த இவ்விதியையேனும் நண்பர் அறைகள் பின்பற்றினவா? “நாளைக்குத் தாறன்” என்ற சொல் முதன்முறை எழும் கணத்திலேயே அங்கே விளையாட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பின் நடப்பது கடன் வாங்கலும் கடன் கொடுத்தலுமே. தன்னைத் தோற்றவனுக்குப் பிறரை வைக்கும் உரிமை ஏது என்று பாஞ்சாலி தொடுத்த வினா இவ்விடத்துக்கும் பொருந்தும். தன்னிடம் இல்லாததை வைப்பவனுக்கு அதனை வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

பின்னர் நிகழ்ந்ததே வாதத்துக்கு இன்னும் முக்கியமானது. திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பியளித்தான். பாண்டவர் இழந்த யாவும் மீளப்பெற்று ஊர் நோக்கிப் புறப்பட்டனர். உலக இலக்கியத்திலே சூதாடிக்கு இத்தகைய விடுதலை கிடைத்த இடங்கள் மிகச் சிலவே இருக்கும். பாதி வழியில் மறுபடி அழைப்பு வந்தது; தருமன் திரும்பி வந்து அமர்ந்தான்; ஒரே பந்தயம், பன்னீராண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும். தோல்வியே அவனை மேசையில் கட்டிப்போட்டது என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை. மீட்கவேண்டியது ஒன்றும் இல்லாதபோதும் அவன் வந்தான். அழைத்தவர் உறவினர் என்பது ஒன்றே போதுமாயிருந்தது. வனத்திலே பிருகதசுவ முனிவரிடம் சூதின் நுட்பத்தை அவன் கற்றதாகவும் கதை கூறும். ஆடத் தெரியாமையே தன் குறை என அவன் கருதினான் போலும். இன்றும் தோற்றவர்கள் போக்கர் நூல்களைத் தேடிப் படிப்பது இக்கருத்தினாலேயே.

இவ்விடத்திலே அறநெறியாளர் குறுக்கிடுவர். ஆடாதிருப்பதே வழி, எழும் நேரம் பற்றிய பேச்சு எதற்கு என்பர். வள்ளுவர் வென்றாலும் சூது வேண்டாவென்றார் என்பதையும் நினைவூட்டுவர். உண்மைதான். ஆயினும் அவ்வதிகாரம் எங்கே அமைந்துள்ளது என்பதையும் அவர்கள் நோக்கவேண்டும். பரிமேலழகர் அங்கவியல் என்னும் பெரும் பிரிவினுள் வைத்த அதனை, வேறு பகுப்புமுறையைத் தழுவிய பதிப்புகள் நட்பியலிலே வைத்துள்ளன. நட்பு, தீ நட்பு, கூடா நட்பு என்னும் அதிகாரங்களோடு ஒரே இயலில் சூதும் நிற்கின்றது. சூதைப் பணக்கேடாக மட்டுமன்றி உறவின் கேடாகவும் கண்ட பார்வை அது. ஆடாதே என்ற அறிவுரை, ஏற்கெனவே அமர்ந்திருப்பவனுக்கு ஒன்றும் சொல்வதில்லை; நள்ளிரவிலே நால்வர் முன்னிலையில் எழவேண்டிய துணிவை அது தருவதுமில்லை. அறையின் கதவருகே நின்று உபதேசிப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகின்றது.

இன்னொரு சாரார் அனுபவசாலிகள். அதிருஷ்டம் திரும்பும்போது எழு என்பது அவர்கள் கூறும் இரகசியம். திரும்பிய பின்னரே அது திரும்பியதை அறியமுடியும் என்பதை அவர்கள் விளக்குவதில்லை. ஆட்டத்தின் நடுவிலே எடுக்கப்படும் எந்த முடிவும் அப்போதைய வெற்றியாலோ தோல்வியாலோ நிறம் பெற்றதாகவே இருக்கும். நிதானம் இருப்பது முதற்கடதாசி போடப்படுமுன் மட்டுமே. ஆகவே எழும் நேரமும் இழக்கத்தக்க தொகையும் அப்போதே சொல்லப்படவேண்டும், அதுவும் மனத்துள் அன்று, எல்லோரும் கேட்க. பன்னிரண்டு மணிக்குக் கடைசிக் கை என்றால், பன்னிரண்டு மணிக்கு வென்றவனும் எழலாம், தோற்றவனும் எழலாம்; ஒருவனும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. அதற்குமுன் எழ விரும்புபவனுக்கும் அவ்வுரிமை உண்டு. அவன் வென்றிருந்தாலும் உண்டு.

இது விளையாட்டின் சுவையைக் கெடுக்கும் என்று சொல்லப்படலாம். மட்டுப்படுத்தப்பட்ட ஓவர்களுடன் ஆடப்படும் கிரிக்கெட்டிலே தோற்கும் அணி இன்னும் பத்து ஓவர் கேட்பதில்லை. அதனாற் சுவை குன்றியதாக எவரும் முறையிட்டதும் இல்லை. வரும் வெள்ளி இரவு ஏதேனுமோர் அறையிலே நேரத்தைக் குறித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிப் பார்க்கட்டும். எதிர்ப்பு எழத்தான் செய்யும். எதிர்ப்பவர் வழக்கமாகத் தோற்பவரா, வழக்கமாக வெல்பவரா என்பதை மட்டும் அவ்வறையினர் கவனித்துக்கொள்வாராக.