புளிக்கணக்கு

புள்ளிவிவரம் என்றதும் நம் எழுத்தாளர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். போன வாரம் மதுரையில் ஒரு கவிஞ நண்பர், 'எண்ணுக்கும் இலக்கியத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்றார்.

மேலூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் தேசிய மாதிரி ஆய்வுக்காரர் கேட்கக் கேட்க, நடவுக்குப் போகும் பெண்ணொருத்தி, முப்பது நாளில் எவ்வளவு அரிசி, எவ்வளவு புளி என்று விரல் மடக்கிச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. (எந்த நாவலாசிரியன் அவளிடம் இத்தனை பொறுமையாகக் கேட்டிருக்கிறான்?)

இப்படி நாடெங்கும் கேட்டு எழுதிய 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் போதாதென்று 2019 நவம்பரில் மத்திய அரசு வெளியிட மறுத்தது. பத்திரிகையில் கசிந்ததோ, செலவு குறைந்துவிட்டதென்ற சேதி. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜனவரியில், வேலையின்மை அறிக்கையை வெளியிடாததை எதிர்த்து பி. சி. மோகனனும் ஜே. வி. மீனாட்சியும் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து விலகினார்கள். 6.1 சதவீதம் என்ற அந்த எண், புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31ல், வெளிவந்தது. பாராளுமன்றச் சட்டத்தால் அல்ல, 2005ல் வெறும் அரசுத் தீர்மானத்தால் உண்டான ஆணையம் அது. ராஜினாமாவை விட்டால் அதன் கையில் வேறென்ன இருந்தது?

ஒரு கவிதையைத் தடைசெய்தால் கையெழுத்து வாங்க அலைகிறோம். அந்தப் புளிக்கணக்கைத் தடைசெய்தபோது நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.