சிலையை மிதக்கவிட்ட ‘விஞ்ஞானம்’

‘தசாவதாரம்’ படத்தில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரத்திலிருந்து கொண்டுபோய்க் கடலில் போட்ட கோவிந்தராஜர் சிலை, 2004 சுனாமியில் மேலே வந்து கரைசேர்வது ‘நூறு சதவீத இயற்பியல்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2008-இல் வந்த படத்துக்கு இப்போது வக்காலத்து வாங்குகிறவர், கட்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கமல்ஹாசனும் கே.எஸ்.ரவிக்குமாரும் கதைதான் சொன்னார்கள். பாடம் நடத்தக் கிளம்பியவர் நண்பர். ஆகவே பதிலும் அவருக்குத்தான்.

“ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், அது சிலையை மேலே தள்ளும்” என்கிறார். முதல் பாதி சரி. ஆனால், அதே அழுத்தம் சிலையின் தலைமேலும் உட்கார்ந்திருக்கிறதே! அடியில் உள்ள அழுத்தத்துக்கும் மேலே உள்ளதற்கும் இடையிலான வித்தியாசம்தான் மிதப்பு விசை. சிலை விலக்கிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவுதான் அது. பத்து மீட்டரில் கிடந்தாலும் நூறு மீட்டரில் கிடந்தாலும் அதில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இராது.

கணக்குப் போடுவோம். சிலை ஒரு டன் கருங்கல் என்று வைத்துக்கொண்டால், அது விலக்கும் கடல்நீர் சுமார் 380 கிலோ. மீதி 620 கிலோ கீழேதான் இழுக்கும். சிலை பெரிதானால் இழுப்பும் அதே விகிதத்தில் கூடும். படத்தில் சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போடப்பட்ட வைணவர் நம்பியின் உடலும் அதைத் தூக்கிவிட்டதாம்! நெஞ்சு நிறைய மூச்சு பிடித்த ஆளே கடலில் மூன்று நான்கு கிலோவைத் தாங்கினால் அதிகம்.

அடுத்து சுனாமி. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் 2,600 டன் மின்உற்பத்திக் கப்பலையே அலை ஊருக்குள் கொண்டுபோய் வைத்ததே, சிலை எம்மாத்திரம் என்கிறார். ஐயா, அது கப்பல். அலை வருவதற்கு முன்பே மிதந்துகொண்டிருந்தது. கடலூர்க் கரையில் படகுகளை அலை தூக்கி எறிந்ததும் அதனால்தான். வேகமான நீரோட்டம் கரையோரப் பாறையைப் புரட்டும், உருட்டும். ‘உருட்டியது’ என்று எழுதியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். அவர் எழுதியது ‘மிதந்து எழுந்தது’. மாமல்லபுரத்தில் அதே சுனாமிக்குப் பின் செதுக்கிய பாறைகள் வெளியே தெரிந்ததையும் சாட்சிக்கு இழுக்கிறார். அங்கே இடம்பெயர்ந்தது மணல். கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லாம் கைவிட்ட பிறகு கடைசிச் சீட்டு: “சிலை நுரைக்கல்லாக இருக்கலாம்.” எரிமலைக் குழம்பில் காற்று அடைபட்டு உறைந்த நுரைக்கல் மிதக்கும், உண்மைதான். அப்படியானால் போட்ட அன்றைக்கே மிதந்திருக்குமே! குலோத்துங்கன் காலத்தில் கருங்கல்லாக மூழ்கி, சுனாமி அன்று நுரைக்கல்லாக எழுந்ததா?

அப்பரை இந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுதான் பொறுக்கவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர், அந்தக் கல்லே தெப்பமாகி, கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை ஒதுங்கினார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. சேக்கிழார் அதை அருளின் செயலாகச் சொல்கிறார். நண்பரோ, கல் மிதப்பது இயற்கைதான் என்கிறார். கல் தானாகவே மிதக்குமென்றால் அப்பருக்கு என்ன பெருமை, அவர் ஓதிய ஐந்தெழுத்துக்கு என்ன வேலை? பக்திக்குத் துணை போவதாக நினைத்துக்கொண்டு அதன் அடிமடியிலேயே கைவைத்திருக்கிறார். நம்புகிறவருக்கு ஆர்க்கிமிடீசின் சான்றிதழ் தேவையில்லை. படம் பார்க்கிறவருக்கும் தேவையில்லை.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை கட்டுகிறவர்களைப் பாருங்கள். மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் ஈயக்குண்டு. இரண்டையும் மாற்றிக் கட்டினால் வலை கவிழும், அன்றைய பிழைப்பும் போகும். மாற்றி எழுதியும் கைதட்டு வாங்கிப் போகிற வசதி கட்டுரையாளருக்கு மட்டும்தான்.