பாறை மறவாத பெயர்

பிலிமத்தலாவைக்கு அணித்தாயுள்ள கடலாதெனியவில், பாறையொன்றின்மீது சிறியதொரு கோயில் நிற்கிறது. 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், தர்மகீர்த்தி தேரர் எடுப்பித்தது. கருவறையில் புத்தபிரான், பக்கத்தே திருமால். கருங்கற்றூண்கள் திராவிடச் சிற்ப மரபின. முடியோ செங்கல்லால் ஆயது. தலைமைச் சிற்பி கணேசுவராசாரியின் பெயரைச் சிங்களச் சாசனமே பாறையில் பொறித்துப் போற்றுகிறது.

இதனை, 'முற்றும் எமதே' எனத் தமிழர் சிலர் தருக்குதலும், சிற்பியின் பெயரைப் பிறர் சிலர் சொல்லாது விடுதலும் ஒருங்கே பிழையாம். செய்வித்தவர் சிங்களத் துறவி. செய்தவர் தென்னாட்டுச் சிற்பி. இருவருள் ஒருவரை நீக்கின் கோயில் ஏது? ஆதலின், தமிழாசிரியரும் சிங்கள ஆசிரியரும் தம் மாணாக்கரை ஒருங்கே அங்கு அழைத்துச் செல்லல் வேண்டும். செய்ந்நன்றியை ஏட்டில் மட்டுமன்றிக் கல்லிலும் கற்கலாம் என்பது என் துணிபு.